இலை நடக்கும் வேகம்

இன்று காலை ஹட்டன் கடைவீதியில், சாக்கடைக் கானை மூடியிருந்த கொங்கிரீட் பலகைகளை ஆட்கள் அலவாங்கு வைத்து நெம்பித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். முதல் பலகை அசைந்ததுமே அந்த வாடை வந்துவிட்டது. அழுகிய முட்டையும், வெயிலே படாத கறுப்பு மண்ணும் சேர்ந்த வாடை. பூக்கடைக்காரர் மாலைகளை உள்ளே இழுத்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார்கள். நான் லீக்ஸ் கட்டைக் கையில் வைத்தபடி அங்கேயே நின்றேன்.

அலவாங்கு வைத்திருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னாங்க, ஒங்களுது ஏதும் உள்ள விழுந்திருச்சா?"

"இல்லங்க. சும்மா பாக்குறேன்."

"இத பாக்கவும் ஆளு இருக்கு," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு நடந்தேன்.

சிரிப்பு வந்தது எனக்கே வியப்பாக இருந்தது. இந்த வாடைக்குப் பயந்த காலம் ஒன்று இருந்தது. வட்டகொடைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக் காம்பரா ஒன்றில், மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டியின் அடியிலிருந்து இதே வாடை வந்துகொண்டிருந்தது. தொட்டிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அந்தக் கதிரையில் உட்கார்ந்திருக்க வேண்டியவர் மறுபடியும் கட்டிலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அவர் எழுவாரா மாட்டாரா என்பது அந்தத் தொட்டியின் மண்ணில் இருந்தது. அப்படித்தான் நாங்கள் நம்பினோம். இப்போது அங்கே அந்த வாடை இல்லை. லீக்ஸ் கட்டோடு வீடு வந்து சேர்கிற வரை அதையே திரும்பத் திரும்ப நினைத்தேன். அங்கே இல்லை. இப்போது இல்லை.

அவர் என் அக்காவின் கணவர். எனக்கு மச்சான். அவருக்கு நான் மாப்ள. நான் ஓரிடத்தில் நிற்காதவன், ஒரு வேலையில் தங்காதவன். அவரோ பதினெட்டு வயதில் மலைக்குப் போனதிலிருந்து ஒரே வேலை பார்த்தவர். எனக்கும் அவருக்கும் பேசத் தொடங்கினால் கேலியில்லாமல் முடியாது.

மச்சானின் வேலை கான் வெட்டுவது. மலைச் சரிவில் தேயிலை வரிசைகளுக்குக் குறுக்கே, கிடையோடு கிடையாக, மிகக் கொஞ்சமாய்ச் சாய்ந்து ஓடுகிற வடிகால்களை நாங்கள் கான் என்போம். ரயிலில் போகிறவர்களுக்குத் தேயிலை தெரியும், கொழுந்துக் கூடை தெரியும், பனி தெரியும். கான் தெரியாது. ஆனால் இவ்வளவு மழைக்கும் மண் ஆற்றோடு போய்விடாமல் மலை மலையாகவே நிற்பது கானால்தான். கானுக்குள்ளேயே சில எட்டுகளுக்கு ஒரு குழி வெட்டி, குழிக்கும் குழிக்கும் நடுவே ஒரு திட்டை விட்டிருப்பார்கள். ஓடிவருகிற தண்ணீர் குழியில் இறங்கி மூச்சு வாங்கும். மூச்சு வாங்குகிற நேரத்தில் தூக்கிவந்த மண்ணைக் கீழே போட்டுவிட்டு, வெறுங்கையோடு திட்டைத் தாண்டிப் போகும். மழை விட்டபிறகு அந்த மண்ணை மம்பட்டியால் அள்ளி மேலே தேயிலைத் தூருக்கே திருப்பிப் போடுவார்கள். மழை திருடியதை மழையிடமிருந்தே பிடுங்கிக் கொடுக்கிற வேலை.

புதுக் கான் வெட்டி முடித்ததும் மச்சான் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அதில் ஒரு தேயிலையைக் கிள்ளிப் போடுவார். இலை மிதந்து போகும். அவர் கான் ஓரமாக அதோடு கூடவே நடப்பார். இலை அவரை முந்தினால் சாய்வு கூடுதல், கான் கரையை அரித்துவிடும். இலை பின்தங்கி நின்றால் சாய்வு போதாது. "எல நம்மளோட சேந்து நடக்கணும் மாப்ள. ஓடவும் கூடாது, குந்தவும் கூடாது," என்று ஒருமுறை எனக்குக் காட்டியிருக்கிறார். அன்றைக்கு அந்த இலை அவருடைய காலடிக்குக் காலடி வந்தது. வளர்த்த நாயைப் போல.

பிறகு ஒரு ஐப்பசி மழையில், அடைத்துக்கொண்ட கானைத் திறந்துவிடப் போனவர் சரிவோடு சரிந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் தகடு வைத்துப் பூட்டினார்கள். சில மாதம் கழித்து, தடி ஊன்றி நடக்கலாம், நடக்க நடக்கத்தான் சரியாகும் என்று டாக்டர் சொன்னார். மச்சான் நடக்கவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தார். குளிக்க, கழுவ எழுவதோடு சரி.

நான் போகும்போதெல்லாம் சொல்லிப் பார்ப்பேன்.

"டாக்டர் நடக்கச் சொன்னாரு இல்லையா மச்சான்?"

"எங்க நடக்குறது?"

"வாசல் இஸ்தோப்பு வரைக்குமாவது வாங்க. காத்தாட உக்காரலாம்."

"இஸ்தோப்புல உக்காந்தா எதுத்தாப்புல மல. நான் வெட்டுன கான வேற ஒருத்தன் தூர் வார்றான். அத பாத்துக்கிட்டு உக்காரவா?"

நான் எழுந்து ரயிலுக்குப் புறப்பட்டேன்.

தொட்டி வந்தது அக்காவால். தோட்டத்துப் பழைய பங்களா இப்போது சுற்றுலா விடுதி. அக்கா அங்கே படுக்கை விரிப்புகள் துவைக்கப் போகிறவள். வரவேற்பறையில் இருந்த மீன்தொட்டி ஒழுகுகிறது என்று பின்பக்கம் தூக்கிப் போட்டிருந்தார்கள். கூடவே ஃபில்டரும் கிடந்தது. தண்ணீரை ஒரு பக்கம் உறிஞ்சி, உள்ளே பஞ்சில் வடித்து, மறுபக்கம் குழாயால் தள்ளுகிற சின்ன மோட்டார் அது. அக்காவுக்கு மீன் பற்றிய எண்ணமே இல்லை. மண் கொட்டிக் கொத்தமல்லி போடலாம் என்றுதான் எடுத்துவந்தாள். அவள் தொட்டியைக் காம்பராவில் இறக்கிவைத்த சத்தத்துக்கு மச்சான் திரும்பிப் பார்த்தார். திரும்பியவர், கொத்தமல்லி என்று கேட்டதும் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணாடித் தொட்டியில போயி யாராச்சும் கொத்தமல்லி போடுவாங்களா? ஒனக்கு என்னா கிறுக்கா?"

அக்கா அதை எனக்குப் போனில் சொல்லும்போது அழுதாள். "திட்டுறாருடா தம்பி. எத்தன மாசத்துக்குப் பொறவு திட்டுறாரு."

ஒழுக்கை அவரே அடைத்தார். உள்ளே மணல் போட்டார். நான் அடுத்த ஞாயிறு போனபோது தொட்டிக்குள் ஒரு மலை இருந்தது. பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் இறங்குகிற மணல் சரிவு. சரிவில் தட்டைக் கற்களால் கட்டிய படிகள். படிகளுக்கு நடுவே கான். கானுக்குள் அளவெடுத்தது போலக் குழி, திட்டு, குழி, திட்டு. அவர் வெட்டிய மலையை அவரே சின்னதாக்கிக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார். நான் நாலு பக்கமும் சுற்றி நின்று போனில் படம் எடுத்தேன். இதைப் போல ஒரு தொட்டி உலகத்தில் இல்லை என்று சொன்னேன். மனதாரச் சொன்னேன்.

ஹட்டனிலிருந்து ஆறு தங்கமீன்களைப் பொலித்தீன் பையில் கட்டி, ரயிலில் மடியில் வைத்து நானே கொண்டுபோனேன். எங்கள் குளிருக்கு அவைதான் தாங்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மச்சான் அவற்றுக்கு அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார். கொழுத்த செம்மஞ்சள் மீன் தொரை. மலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவைப் போல ஓயாமல் வாயைத் திறந்து மூடுவது கண்டாக்கு. கறுப்புப் புள்ளி விழுந்தது, மை கொட்டிய கணக்கப்பிள்ளை. மிச்சம் மூன்றும் நம்ம ஆளுங்க. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காலையில் எழுந்ததும் அதில்தான். மத்தியானச் சோறும் அதில்தான். கட்டிலிலிருந்து கதிரைக்கு நாலு எட்டு. அந்த நாலு எட்டுக்காக அக்கா மாரியம்மனுக்கு விளக்குப் போட்டாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு விடியற்காலையில் அக்கா போனில் கூப்பிட்டாள்.

"கண்டாக்கு செத்துட்டாரு."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு சிரிக்கப் போனேன். அவள் குரல் என்னைச் சிரிக்கவிடவில்லை.

"மீனு செத்தது பெருசில்லடா. இவரு மறுபடியும் சொவத்த பாத்து படுத்துட்டாரு. கூப்புட்டா பேச்சில்ல. தண்ணி வேற கலங்கிக் கெடக்கு. அஞ்சும் போச்சுன்னா இவர எழுப்ப என்னால ஏலாதுடா."

அடுத்த ரயிலில் போனேன். என் சுபாவம் அது, எதையும் அன்றைக்கே செய்து முடித்துவிட வேண்டும். மீன்களை வாளிக்கு மாற்றினேன். தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டினேன். மணலை வெளியே பீலிக் குழாயில் கொட்டும் தண்ணீரில் போட்டு அலசினேன். ஃபில்டர் பஞ்சு அழுக்கேறிக் கறுத்திருந்தது. அதைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து வெள்ளை வெளேரென்று ஆக்கினேன். பிறகு போனில் இருந்த பழைய படத்தைப் பார்த்துப் பார்த்து, கல்லுக்குக் கல், குழிக்குக் குழி, அவர் கட்டிய மலையை அப்படியே திருப்பிக் கட்டினேன். அவருக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தேன். சாயங்கால ரயிலில் ஏறியபோது என் விரல்களில் மணல் இருந்தது. பெருமையாக இருந்தது.

நாலாம் நாள் தண்ணீர் பால் போல வெளுத்தது. ஐந்தாம் நாள் இன்னொன்று செத்தது.

போனில் மச்சானே பேசினார். கோபமில்லை.

"இந்த வாட்டி செத்தது நம்ம ஆளு மாப்ள," என்றார். அவ்வளவுதான். போனை அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. மீன் விற்ற கடைக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பஞ்சுல சோப்பு போட்டீங்களா? அழுக்க திங்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி அதுலதாங்க இருக்கு. அம்புட்டையும் கொன்னுட்டீங்க. இனி தொட்டித் தண்ணியிலயே லேசா அலசுங்க. தண்ணிய மூணுல ஒரு பங்குதான் மாத்தணும்."

"சரிங்க. ஆனா மொதல் மீனு நான் கை வைக்க முன்னாடியே செத்துச்சே."

"அப்ப அடியில அழுக்கு தங்குது. தண்ணி எந்த மூலைக்குப் போகலன்னு பாருங்க. போகாத மூலையிலதான் எல்லாம் கெடக்கும்."

அடுத்த ஞாயிறு மறுபடியும் வட்டகொடை. இந்தமுறை கையில் ஒன்றும் இல்லை, அவசரமும் இல்லை. ஸ்டேஷனிலிருந்து ஏறிப் போகும்போது பனி காலுக்குக் கீழே கிடந்தது. காம்பராவுக்குள் நுழைந்ததும் அந்த வாடை. மச்சான் கட்டிலில், முதுகைக் காட்டிக்கொண்டு. நான் வந்தது அவருக்குத் தெரியும். முதுகுக்கும் தெரிந்திருக்கும்.

நான் கதிரையில் உட்கார்ந்து தொட்டியை வெறுமனே பார்த்தேன். வெகுநேரம் பார்த்தேன். தொரை ஒரு மூலையில் மூச்சுவாங்கிக்கொண்டு நின்றார். கணக்கப்பிள்ளை மேலே வந்து காற்றைக் கடித்தார். ஃபில்டர் பின்கண்ணாடியின் நடுவில் இருந்தது. அதன் வாயிலிருந்து வந்த தண்ணீர் எதிரே இருந்த கல்படியில் மோதி அங்கேயே மடங்கியது. விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை எடுத்து ஒரு குழிக்குள் மெல்லக் குத்தினேன். கறுப்பாய் ஏதோ புகைந்தது. பொட்டுப் பொட்டாய்க் காற்றுக் குமிழ்கள் ஏறின. வாடை காம்பராவை நிறைத்தது.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "என்னா வாட அது?"

"ஒங்க குழியிலேருந்து வருது மச்சான்."

"குழியில மண்ணு தங்கும். தங்குறதுக்குத்தான் குழி."

"மண்ணு இல்ல. மீனு பேண்டது. திங்காம விட்ட தீனி. எல்லாம் அழுகிப்போயி கெடக்கு. ஒரு குழியில இல்ல, எட்டுக் குழியிலயும்."

அடுப்படியில் அக்கா கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. பிறகு கட்டில் முனகியது. தடியின் நுனி சிமெந்துத் தரையைத் தொட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நான் கதிரையை விட்டு எழுந்தேன். மச்சான் உட்கார்ந்து, குனிந்து, கண்ணாடியில் மூக்குப்படப் பார்த்தார். ஈர்க்கை என் கையிலிருந்து வாங்கி அடுத்த குழியைக் குத்தினார். அதற்கடுத்ததை. எல்லாம் கறுப்பு.

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன்.

"அட கருமமே," என்றார். "மண்ண காப்பாத்துற மாதிரியே பீய காப்பாத்தி வச்சிருக்கேன்டா மாப்ள. எட்டுக் குழி. அதுவும் அளவெடுத்து."

சிரித்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் அக்காவும் சிரித்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. எனக்கு முதலில் சிரிப்பு வரவில்லை. அந்த மலையைக் கல்லுக்குக் கல் திருப்பிக் கட்டியவன் நான். பிறகு எனக்கும் வந்தது. மழையில் மண் போகக் கூடாது என்று முப்பது வருடம் தண்ணீரை நிறுத்தி நிறுத்திப் பழகிய கை, போக வேண்டியதையும் நிறுத்தி வைத்திருந்தது. வேறு யாரும் இந்தப் பிழையைச் செய்திருக்க முடியாது. தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் கூட வெறும் மணலைத் தட்டையாகக் கொட்டித் தப்பித்திருப்பார்கள்.

"ஒரு எல கொண்டா," என்றார். சொன்னவர் உடனே தலையை ஆட்டினார். "எல மேலயே மெதக்கும். நமக்கு அடியில போற தண்ணி தெரியணும்."

அக்கா அடுப்படியிலிருந்தே வடிகட்டியை நீட்டினாள். பிளேன்டீ வடித்த தேயிலைச் சக்கை, மூன்று தரம் கொதித்துச் சாயம் போனது. மச்சான் ஒரு சிட்டிகை எடுத்து ஃபில்டரின் வாய்க்கு நேரே விட்டார். நாங்கள் மூன்று பேரும் குனிந்தோம். தூள் விரைந்து வந்தது, கல்லில் முட்டியது, உதிர்ந்தது. பாதிக்கு மேல் முதல் இரண்டு குழிகளிலேயே இறங்கி உட்கார்ந்துவிட்டது. தொட்டியின் வலதுபாதிக்கு ஒரு துகளும் போகவில்லை. அங்கே தண்ணீர் தூங்கிக்கொண்டிருந்தது.

"கல்ல எடு," என்றார்.

எடுத்தேன். அவர் கட்டிய மலை ஒவ்வொரு படியாக இறங்கியது. எனக்குக் கை கூசியது. அவருக்குக் கூசவில்லை. மணலைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார்.

"இது பூச்சு மணல். மாவாட்டம் இருக்கு, மூச்சுவிட வழியில்ல. பரும்மணல் வேணும்."

"ஹட்டன் கடையில பாத்து வாங்கிட்டு வாறேன்."

"ஒனக்கு மண்ணு தெரியாது மாப்ள. கீழ ஓடையில கெடக்கு. வாளிய எடு."

எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவர் வாசலில் நின்றிருந்தார். தடியை ஒரு கையிலும் நிலையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கியபடி. எதிரே அந்த மலை, அவருடைய கான்கள். அவற்றை ஒருதரம் பார்த்தார். அக்கா வடிகட்டியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள். அசைந்தால் ஏதாவது கலைந்துவிடும் என்பது போல.

ஓடைக்குப் பதினேழு படி. ஒவ்வொன்றிலும் நின்று இறங்கினார். பக்கத்துக் காம்பராக்காரர் இஸ்தோப்பிலிருந்து கேட்டார்.

"என்னாங்கண்ணே, எங்க பயணம்?"

"மண்ணள்ள," என்றார் மச்சான். நேற்றும் போய்வந்தவரைப் போல.

ஓடை மணலை அவர் கல்லில் உட்கார்ந்தபடியே அள்ளி, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, சரியென்றதை மட்டும் வாளியில் போட்டார். நான் அலசினேன். வாளித் தண்ணீர் கண்ணாடி போலத் தெளியும்வரை அலசச் சொன்னார். நாலாம் தரம் தெளிந்தது.

அதன்பிறகு நடந்ததைச் சொன்னால் சுருக்கம்தான், ஆனால் பொழுது சாய்கிறவரை அதையேதான் செய்தோம். மீன்களைத் தொட்டித் தண்ணீரோடு வாளிக்கு மாற்றி வைத்து, பழைய மணலை அள்ளிவிட்டு, ஓடை மணலை மெல்லியதாகப் போட்டோம், வலக்கோடியில் இரண்டு விரல் கனம், இடக்கோடியில் ஒரு விரல். குழிகள் இல்லை. கற்களில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டோம். அவற்றையும் தண்ணீர் போகிற போக்கிலேயே நீளவாக்கில், அடியில் சிறு கூழாங்கல் கொடுத்து, தண்ணீர் நுழைந்து போகிற மாதிரி தூக்கி வைத்தார். ஃபில்டரை நடுவிலிருந்து கழற்றி இடது மூலையில் பொருத்தினோம். அதன் குழாய் பின்கண்ணாடியை ஒட்டி நீளத்துக்குத் தண்ணீரைத் தள்ளியது. தண்ணீர் வலக்கோடிக் கண்ணாடியில் மோதி, கீழே இறங்கி, முன்பக்கமாக அடிமணலைத் தடவிக்கொண்டு இடது மூலைக்கே திரும்பி வந்தது. அங்கே, ஃபில்டர் உறிஞ்சுகிற இடத்துக்குக் கீழே, மச்சான் விரலால் ஒரு சின்னப் பள்ளம் செய்தார்.

"திரும்பவும் குழியா?" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு. வர்ற அழுக்குல மோட்டார் இழுக்காதது இங்கன வந்து நிக்கட்டும். காலையில குழாய் வச்சு உறிஞ்சிருவேன். அள்ளாத குழிதான் மாப்ள நாறும்."

பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சோப்பு வேணுமா?" என்று கேட்டார்.

மீன்களைத் திரும்ப விட்டோம், முதலில் வேகம் அதிகமாகிவிட்டது. கணக்கப்பிள்ளை எதிர்நீச்சல் போட்டுக் களைத்தார், தொரை பின்வாங்கிப் பின்வாங்கிக் கண்ணாடியில் முட்டினார். மச்சான் குழாயின் வாயைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பினார். நீர்மட்டம் சிலிர்த்தது, கீழே வேகம் தணிந்தது. மறுபடி ஒரு சிட்டிகைச் சக்கை. தூள் பின்பக்கம் போனது. கோடியில் திரும்பியது. அடிக்கு இறங்கியது. முன்கண்ணாடிக்கு நேரே, எங்கள் மூக்குகளுக்கு நேரே, மணலுக்கு ஒரு நூல் மேலே வந்தது. நிற்கவில்லை, ஓடவில்லை. மச்சானின் ஆள்காட்டி விரல் கண்ணாடிக்கு வெளியே அதோடு கூடவே நகர்ந்தது.

"நடக்குது," என்றார்.

அன்று ரயிலில் என்னால் உட்கார முடியவில்லை. கோட்டகலை வரை வாசலில் நின்றே வந்தேன்.

நாட்கள் போயின. நான் போன் பண்ணப் பயந்தேன். அக்காவே கூப்பிட்டாள். தண்ணீர் தெளிந்துவிட்டது. பிறகு, வாடை இல்லை. பிறகு, தொரை தீனிக்குச் சண்டை போடுகிறார். நான்கும் உயிரோடு இருந்தன. அதற்குமேல் கேட்கத் துணியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, சொல்லாமல் போனேன். கதவு சாத்தாமல் கிடந்தது. கட்டிலில் போர்வை மடித்து வைத்திருந்தது. கதிரை காலி. தடியையும் காணோம்.

"அக்கா," என்றேன். "மச்சான்?"

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வாடா. ரெண்டாவது லயத்துக்குப் போயிருக்காரு. அங்க பின்னாடி கான்ல தண்ணி நின்னு நாறுதாம், கொசுவாம். கூப்புட்டாங்க. இவரு மம்பட்டி புடிக்கிறது இல்ல. தடிய நீட்டி இங்க வெட்டு, அங்க வெட்டுன்னு வெரட்டுறாராம். போன கெழம நம்ம லயத்துக் கான். மீனுத் தொட்டியில வாட போனதுலேருந்து மனுசனுக்கு மூக்கு சும்மா இருக்கல."

நான் கதிரையில் உட்கார்ந்தேன். அவருடைய கதிரையில், அவர் வெளியே போய்த் திரும்புவதை முதல்தரமாக எதிர்பார்த்துக்கொண்டு. தொட்டி ஓடிக்கொண்டிருந்தது. மணல் ஓடையில் கிடந்தது போலவே துலக்கமாய்க் கிடந்தது. நம்ம ஆளுங்க இரண்டும் கல்லுக்கடியில் நுழைந்து மறுபக்கம் வந்தன. தொரை ஒரு முறை திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, வேலையில்லாதவன் என்று கண்டுகொண்டு போய்விட்டார். மோட்டாரின் மெல்லிய ரீங்காரம். மூச்சை ஆழமாய் இழுத்தேன். அடுப்பில் கருவாடு. வெளியே ஈரத் தேயிலை. வேறொன்றும் இல்லை. எத்தனையோ ஊர்களில் உட்கார இடம் தேடியிருக்கிறேன். அன்று அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் ஒரு மணிநேரம், கால் ஆட்டாமல், எதையும் யோசிக்காமல் இருந்தேன்.

மச்சான் சேற்றுக்காலோடு வந்தார். "யாரது என் நாக்காலியில?" என்றார். சோறு தின்றோம். அவர் சாய்வைப் பற்றிப் பேசினார், இரண்டாவது லயத்துக்காரர்கள் கானுக்குள் போடுகிற பொலித்தீனைப் பற்றிப் பேசினார், நான் ரயிலைத் தவறவிடப் போகிறேன் என்று அக்கா சொல்கிறவரை பேசினார்.

பிறகு என்னோடு எழுந்தார். ஆட்டோ நிற்கிற இடம் வரை, தடி ஊன்றி, மேட்டில் ஏறி வந்தார். நான் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன், அவரோடு சேர்ந்து நடந்தேன். ஆட்டோ கிளம்புகிற நேரம் குனிந்து உள்ளே பார்த்துச் சொன்னார்:

"அடுத்த வாட்டி வாறதுன்னா போன் பண்ணிட்டு வா மாப்ள. நான் வீட்டுல இருக்க மாட்டேன்."